பூட்டிய வாசலும் பத்தாண்டு ஒப்பந்தமும்: ஒரு கபடி அணி உரிமையாளருக்குச் சட்ட ஆலோசனை

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு வணக்கம். நான் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். என் சொந்த ஊர் சேலத்தை அடுத்துள்ள ஒரு நகராட்சி. அங்கே ஒரு கபடி அணியைப் பல ஆண்டுகளாக என் செலவில் நடத்தி வருகிறேன். 2021-ஆம் ஆண்டு, நகராட்சி தனி அலுவலர் பொறுப்பில் இருந்தபோது, புதர் மண்டிக் கிடந்த நகராட்சி மைதானத்தை மாதம் 12,000 ரூபாய் வாடகையில் பத்து ஆண்டுகளுக்குப் பயன்படுத்திக்கொள்ள நூறு ரூபாய் முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதினோம், பதிவு செய்யவில்லை. அதை நம்பி கான்கிரீட் கேலரி, நான்கு மின்விளக்குக் கோபுரங்கள், உடை மாற்றும் அறை, ஆழ்துளைக் கிணறு, கபடி மேட் என 41 லட்சம் ரூபாய் செலவழித்தேன். இப்போதைய நகர்மன்றம் வாடகையை 40,000 ரூபாயாக உயர்த்தித் தீர்மானம் போட்டது. நான் மறுத்ததும், ஒப்பந்தத்தை ரத்து செய்து முப்பது நாளில் காலி செய்யச் சொல்லி ஆணையரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அந்த இடத்தில் வாரச்சந்தையும் வாகன நிறுத்தமும் அமையப் போவதாகச் சொல்கிறார்கள். காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்களை உள்ளே விடாமல் பூட்டி வைக்கிறேன் என்று என்மேல் புகாரும் இருக்கிறது. மேட் திருட்டுப் போனதால்தான் பூட்டினேன். தடையாணை கிடைக்குமா? செலவழித்த பணம் திரும்புமா? அணியை நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று வாட்ஸப் குழுவில் எழுதியிருக்கிறேன். பத்திரிகையாளர்களைக் கூட்டி அதை அறிவிக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம். உங்கள் கடிதத்தையும், அதோடு அனுப்பியிருந்த ஒப்பந்த நகலையும், ஆணையரின் கடிதத்தையும் படித்தேன். முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களைப் பிறகு விளக்குகிறேன். பத்து ஆண்டுகள் முடியும்வரை நகராட்சி உங்களை வெளியேற்றவே கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிடும் என்ற நம்பிக்கையில் வழக்குத் தொடுக்காதீர்கள். உங்கள் ஆவணங்கள் அந்த அளவுக்கு வலுவானவையாக இல்லை. ஆனால், செலவழித்த தொகைக்கு நியாயமான ஈடும், நடக்கிற பருவம் முடியும்வரை அவகாசமும், விதிமுறைகளைத் திருத்திக்கொண்டு எஞ்சிய ஆண்டுகளைத் தொடர்வதற்கான பேச்சும் உங்களுக்குக் கிடைக்கக் கூடியவை. இந்த மூன்றையும் கெடுக்கக் கூடியது, காலை வேளையில் நீங்கள் போட்டுவைத்திருக்கும் அந்தப் பூட்டு. நாளைக் காலை ஐந்து மணிக்கு அது திறந்திருக்க வேண்டும் என்பதே என் முதல் ஆலோசனை.

உங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தத்தின் தலைப்பில் ‘குத்தகை’ என்று இருக்கிறது. தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும், இடத்தைத் தனி உடைமையாக அனுபவிக்கும் உரிமை உங்களுக்கு மாற்றித் தரப்பட்டதா, அல்லது நகராட்சியின் கட்டுப்பாட்டில் இருக்கும் இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டும் தரப்பட்டதா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். 1959-இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் ஆஃப் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிய இந்த அளவுகோல்தான் குத்தகைக்கும் உரிமத்துக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு இன்றும் அடிப்படையாக இருக்கிறது. குத்தகை என்ற சொல் வலுவானதாகத் தோன்றுவதால் அதைப் பிடித்துக்கொள்ள உங்களுக்கு ஆசை வரும். பல கட்சிக்காரர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 107-ஆவது பிரிவின்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் மூலமாகவே அமைய முடியும். பதிவுச் சட்டப்படி ஓர் ஆவணத்தைக் கையெழுத்தான நான்கு மாதங்களுக்குள் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம் மட்டுமே கிடைக்கும். அந்தக் காலமும் எப்போதோ கடந்துவிட்டது. ஆகவே இது குத்தகைதான் என்று நீங்கள் நிறுவினாலும், பத்தாண்டு என்ற வரி செயலற்றுப் போய், மாதம்தோறும் வாடகை செலுத்தி வந்ததை வைத்து மாதக் குத்தகை என்று மட்டுமே கருதப்படும். மாதக் குத்தகையை முடிக்கப் பதினைந்து நாள் அறிவிப்பே போதும். நகராட்சியோ முப்பது நாள் கொடுத்திருக்கிறது. போதாக்குறைக்கு, ஆவணத்துக்கு உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்படவில்லை என்ற ஆட்சேபமும் வரும். அப்போது குறைவுத் தொகையோடு பத்து மடங்குவரை அபராதம் கட்டிய பிறகே அந்தத் தாளைச் சாட்சியமாக நீதிபதி பார்ப்பார்.

எனவே இது உரிமம் என்று வாதிடுவதே உங்களுக்கு நல்லது. இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882-இன் 60-ஆவது பிரிவு, உரிமம் பெற்றவர் அந்த உரிமத்தை நம்பி நிரந்தரத் தன்மையுள்ள கட்டுமானத்தைத் தன் செலவில் எழுப்பியிருந்தால் அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்கிறது. 1987-இல் ராம் சரூப் குப்தா வழக்கில், உரிமமாகப் பெற்ற இடத்தில் கட்டடங்கள் எழுப்பிய ஒரு கல்லூரிக்கு உச்ச நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பைத்தான் கொடுத்தது. உங்கள் கான்கிரீட் கேலரியும் ஆழ்துளைக் கிணறும் நிரந்தரக் கட்டுமானங்கள் என்பதில் ஐயமில்லை. சுருட்டி எடுத்துப் போகக் கூடிய மேட்டையும், போல்ட்டைக் கழற்றி இறக்கக் கூடிய விளக்குக் கோபுரங்களையும் அப்படிச் சொல்ல முடியாது. அவை உங்கள் உடைமையாகவே இருக்கின்றன, எடுத்துச் செல்லலாம்.

உங்கள் ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பத்தி இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறது. நகராட்சியின் தேவைக்காக முப்பது நாள் அறிவிப்பில் ரத்து செய்யலாம் என்று அதில் எழுதி, நீங்களும் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். தரப்பினர் தமக்குள் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் 60-ஆவது பிரிவின் பாதுகாப்பு குறையும். மேலும், இயல்பிலேயே முடித்துக்கொள்ளத்தக்க ஒப்பந்தத்தை, அதாவது ஒரு தரப்பு இடையில் ரத்து செய்துகொள்ளக் கூடிய ஒப்பந்தத்தை, நிறைவேற்றும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று குறித்த வகைத் தீர்வழிச் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை மீறாதிருக்கும்படி நிரந்தரத் தடை கேட்டாலும் அதே காரணத்தால் மறுக்கப்படும். பத்தாண்டுக்குத் தடையாணை கிடைக்காது என்று தொடக்கத்தில் நான் சொன்னதற்கு அடிப்படை இந்த ஒன்பதாவது பத்திதான். சட்ட நடைமுறையைப் பின்பற்றாமல் பொக்லைன் கொண்டுவந்து கேலரியை இடிக்கக் கூடாது என்ற அளவுக்கு இடைக்காலத் தடை கிடைக்க வாய்ப்பு உண்டு. அதுவும் அவசரத்துக்கு உதவும் ஒரு கவசமே. அதை வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது.

இனி பணத்துக்கு வருவோம். உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வசதியுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, உரிமம் திரும்பப் பெறப்பட்டால் வெளியேறவும் பொருள்களை அகற்றவும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிறது. விளையாட்டுப் பருவத்தின் நடுவில், போட்டி அட்டவணை வெளியான பிறகு முப்பது நாள் என்பது நியாயமானதுதானா என்று கேட்க அதனால் இடம் கிடைக்கிறது. 64-ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது: பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த உரிமத்தை, பெற்றவர் முழுமையாக அனுபவிப்பதற்கு முன்பே, அவர்மீது குற்றம் ஏதும் இல்லாத நிலையில் பறித்தால், கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தின் பதினொன்றாவது பத்தி, ‘ஒப்பந்த காலம் முடிவுற்றதும்’ கட்டுமானங்கள் நகராட்சிக்குச் சேரும் என்கிறது. பத்தாண்டுப் பயன்பாட்டுக்கு ஈடாகத்தான் கட்டுமானங்களை விட்டுக்கொடுக்க நீங்கள் சம்மதித்தீர்கள் என்பது அந்த வரியிலிருந்து தெளிவாகிறது. பாதி வழியில் உங்களை அனுப்பிவிட்டுக் கேலரியை முழுமையாக எடுத்துக்கொள்ள அந்தப் பத்தி நகராட்சிக்கு உரிமை தரவில்லை.

ஒப்பந்தமே செல்லாது என்று நகராட்சி வாதிட்டாலும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 70-ஆவது பிரிவு இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி செய்த செயலின் பயனை இன்னொருவர் ஏற்று அனுபவித்தால், அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர். 1961-இல் மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி ஒப்பந்ததாரர் கட்டிய கிடங்குகளை அரசு பயன்படுத்திக்கொண்டு, முறையான ஒப்பந்தம் இல்லை என்று பணம் தர மறுத்தபோது, இந்தப் பிரிவின் அடிப்படையில் பணம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் நகராட்சி சுதந்திர தின விழாவையும் பள்ளிகளின் விளையாட்டு விழாவையும் நீங்கள் கட்டிய கேலரியில்தான் நடத்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அழைப்பிதழ்களையும் புகைப்படங்களையும் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பயனை ஏற்று அனுபவித்ததற்கு அவற்றைவிட நல்ல சான்று இல்லை.

இதில் கால வரையறை குறித்து ஓர் எச்சரிக்கை. இத்தகைய கோரிக்கைகளுக்கு மூன்று ஆண்டுக் காலம் உண்டு. அந்த மூன்று ஆண்டுகளைக் கேலரி கட்டி முடித்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று நகராட்சி சொல்லும். உரிமம் ரத்தான நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று நாம் சொல்வோம். 64-ஆவது பிரிவின் இழப்பீட்டை முதன்மைக் கோரிக்கையாகவும் 70-ஆவது பிரிவை மாற்றுக் கோரிக்கையாகவும் வைத்தால் இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கலாம். 41 லட்சமும் அப்படியே திரும்பும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தேய்மானமும் நீங்கள் அனுபவித்த ஆண்டுகளும் கழிக்கப்படும்; எடுத்துச் செல்லக் கூடிய பொருள்களின் விலையும் கழியும்; ரசீது இல்லாத செலவு கணக்கிலேயே வராது. நீதிமன்றம் எழுப்பும் இன்னொரு கேள்வி கேலரிக்கு வரைபட அனுமதியும் உறுதித்தன்மைச் சான்றும் பெறப்பட்டனவா என்பதாக இருக்கும். 2011 உலகக் கோப்பையை ஒட்டிச் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் எழுந்த கேலரிகளில் மூன்று, அனுமதி தொடர்பான வழக்கால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, மைதானச் சீரமைப்புக்குப் பிறகு 2023-இல்தான் மறுபடி முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்ததை நீங்களும் அறிவீர்கள். பெரிய கிரிக்கெட் சங்கத்துக்கே அந்த நிலை என்றால் நகராட்சி மைதானத்தில் ஒரு தனிநபர் கட்டிய கேலரியை யாரும் எளிதில் விட்டுவிட மாட்டார்கள். அனுமதிக் கடிதம் இருந்தால் அதை முதல் ஆவணமாக வையுங்கள். இல்லையென்றால் உடனே பொறியாளர் ஒருவரிடம் காட்டி உறுதித்தன்மைச் சான்று பெறுங்கள். அதன் மேல் உட்காரும் மக்களின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால், வழக்கே இல்லாவிட்டாலும் அது செய்தாக வேண்டிய வேலை.

தனி அலுவலர் காலத்து ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று நகர்மன்ற உறுப்பினர்கள் சிலர் பேசுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இதற்காக அஞ்ச வேண்டாம். 2016 அக்டோபருக்குப் பிறகு 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாமல் தனி அலுவலர்களின் பொறுப்பில்தான் நடந்தன. மன்றத்தின் அதிகாரங்களைச் சட்டப்படி அவர்களே செலுத்தினார்கள். அக்காலத்து முடிவு என்பதனாலேயே ஒரு முடிவு செல்லாமல் போய்விடாது. நீண்ட காலத்துக்கு இடத்தை விட உயர் அலுவலர்களின் ஒப்புதல் பெறப்பட்டதா என்பது வேறு கேள்வி. அதற்கான விடை கோப்பில்தான் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து, 2021-ஆம் ஆண்டுத் தீர்மானம், அதன் அலுவலகக் குறிப்புகள், வாடகை நிர்ணய அறிக்கை, புதிய திட்டத்தின் மதிப்பீடு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை.

இப்போது பூட்டைப் பற்றி. இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் கடிதம் முழுவதிலும் இது ஒரே ஒரு வரியில் வந்து போகிறது. ஒப்பந்தத்தின் ஆறாவது பத்தியை நீங்கள் நினைவில் வைத்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை பொதுமக்களின் பயன்பாட்டுக்கு இடையூறு செய்யக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. மேட் திருட்டுப் போனது உண்மையாக இருக்கலாம். அதற்கு மேட்டை அறையில் வைத்து அறையைப் பூட்டியிருக்க வேண்டும். மைதானத்தையே பூட்டியதன் மூலம், 64-ஆவது பிரிவு கேட்கும் ‘குற்றமின்மை’ என்ற தகுதியை நீங்களே பலவீனமாக்கிக்கொண்டீர்கள். தடையாணை கோருபவரின் சொந்த நடத்தை சரியில்லை என்றால் தடையாணையை மறுக்கலாம் என்றும் சட்டம் இருக்கிறது. நகராட்சியின் வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே அந்தப் பூட்டின் புகைப்படத்தைத்தான் நீட்டுவார்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அந்த மைதானத்தில் காலையில் நடப்பவர்கள் சர்க்கரை நோய்க்காக மருத்துவர் நடக்கச் சொன்னவர்கள். வீட்டில் ஓடியாட இடமில்லாத குழந்தைகள். காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் இளைஞர்கள். புதர் மண்டிக் கிடந்த இடத்தை நீங்கள் சீர்படுத்தியதால்தான் அவர்கள் வரத் தொடங்கினார்கள். உங்களுக்கு ஆதரவாக நின்றிருக்க வேண்டிய அவர்கள் உங்கள்மேல் புகார் எழுதும் நிலை வந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆடவர் கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. மகளிருக்கு 12-க்கு 8. சுற்றி இடம் விட்டு, கேலரியையும் சேர்த்தாலும், ஏறக்குறைய மூன்று ஏக்கர் மைதானத்தில் உங்கள் ஆட்டத்துக்குத் தேவைப்படுவது ஒரு மூலை மட்டுமே. அணியின் பயிற்சியோ மாலையில், போட்டிகளோ மின்னொளியில். காலை மூன்று மணி நேரத்தை ஊருக்கு விடுவதால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

நிலத்தின் வகைப்பாட்டையும் பார்த்தாக வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்கி, அந்த இடம் விளையாட்டு மைதானம் என்று பதிவாகியிருக்கிறதா, மனைப்பிரிவின் பொது ஒதுக்கீட்டு இடமா, ஏரிப் புறம்போக்கா என்று உறுதி செய்யுங்கள். மைதானம் அல்லது பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் என்றால் வாரச்சந்தையும் வாகன நிறுத்தமும் அமைப்பது நகராட்சிக்கு எளிதாக இருக்காது. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த பெங்களூர் வழக்கில், 1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாது என்றது. நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் தங்கள் பெயரிலேயே எடுத்துவைக்கக் கூடிய வாதம் இது. நீங்கள் வாசலைத் திறந்து வைத்திருந்தால் அவர்கள் உங்களோடு சேர்ந்தே எடுத்துவைப்பார்கள். பூட்டி வைத்திருந்தாலோ, பொது இடத்தை ஒரு தனியார் அணி அடைத்து வைத்திருக்கிறது என்று அதே தீர்ப்பை உங்களுக்கு எதிராகவே காட்டலாம். ஏரிப் புறம்போக்கு என்று தெரிய வந்தால் நிலைமை வேறு. நீர்நிலை நிலங்களில் கட்டுமானம் என்றால் சென்னை உயர் நீதிமன்றம் சிறிதும் இளகுவதில்லை. அப்போது வழக்கை மறந்துவிட்டு, பொருள்களை எடுத்துக்கொண்டு வெளியேறும் பேச்சை மட்டும் பேசுவோம்.

அணியை நாமக்கல்லுக்குக் கொண்டுபோகும் எச்சரிக்கை குறித்து நீங்கள் கேட்டீர்கள். அணிகள் ஊர் மாறுவது புதிதல்ல; தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் தூத்துக்குடி அணியாக இருந்ததுதான் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆயிற்று. ஆனால் ஊர் மாறுவதை மிரட்டலாகப் பயன்படுத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வழக்கைச் சொல்கிறேன். அந்நகரின் கூடைப்பந்து அணியான சூப்பர்சானிக்ஸை 2006-இல் வெளியூர் முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். பொதுப் பணத்தின் உதவியோடு புதிய அரங்கம் வேண்டும் என்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. அணியை ஒக்லஹோமா நகரத்துக்கு மாற்ற முயன்றபோது, நகரத்துக்குச் சொந்தமான அரங்கில் 2010 வரை ஆடுவதாக ஒப்பந்தம் இருக்கிறது என்று சியாட்டில் நகரம் வழக்குத் தொடுத்தது. மிச்சமுள்ள வாடகையைக் கட்டிவிடுகிறோம், ஆளை விடுங்கள் என்பது உரிமையாளர்களின் வாதம்; பணத்தால் ஈடு செய்ய முடியாத உறவு என்பது நகரத்தின் வாதம். அணியைச் சியாட்டிலில் வைத்திருக்கவே நல்லெண்ணத்தோடு முயன்றோம் என்று உரிமையாளர்கள் சொல்லிவந்த நிலையில், இடமாற்றத்தில் தாங்கள் காட்டிய ஆர்வத்தைப் பற்றி அவர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் அந்த வழக்கின் வழியே வெளிவந்தன. தீர்ப்புக்கு முன்பே, 2008 ஜூலையில், உரிமையாளர்கள் 4.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டு வெளியேறினார்கள். அணியின் பெயரையும் நிறத்தையும் புதிய ஊரில் பயன்படுத்தாமல் சியாட்டிலுக்கே விட்டுவிட்டார்கள்.

உங்கள் வழக்கில் அணி இருக்க நினைக்கிறது, ஊர் போகச் சொல்கிறது, நிலை நேர்மாறானது. ஆனாலும் அந்த மின்னஞ்சல்களின் இடத்தில் உங்கள் வாட்ஸப் செய்தியை வைத்துப் பாருங்கள். இந்த இடத்தை இழந்தால் எங்கள் அணிக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று மனுவில் எழுதப் போகிறீர்கள். நாமக்கல்லில் நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறேன், நாளையே போய்விடுவேன் என்று நீங்கள் குழுவில் எழுதியதை எதிர்த்தரப்பு அதன் பக்கத்தில் வைக்கும். ஈடுசெய்ய முடியாத இழப்பு இல்லை என்பதற்கு உங்கள் வார்த்தையே சாட்சி ஆகிவிடும். செய்தியை அழிக்க வேண்டாம். அழித்தால் அது இன்னும் மோசமாகத் தெரியும். இனிமேல் அப்படி எழுதாதிருப்பதே போதும். பத்திரிகையாளர் சந்திப்பும் இப்போது வேண்டாம். நகர்மன்ற உறுப்பினர்கள் இந்த ஊரில் வாக்குக் கேட்டு வந்தவர்கள். மிரட்டலுக்குப் பணிந்தார்கள் என்ற பேச்சை அவர்களால் ஏற்க முடியாது. அவர்கள் பின்வாங்க மரியாதையான வழி ஒன்றை நீங்கள்தான் திறந்து வைக்க வேண்டும்.

அந்த வழி எப்படி இருக்கலாம் என்று சொல்கிறேன். புதிதாகப் பத்தாண்டு கேட்காதீர்கள். பொதுச் சொத்தை ஏலமோ வெளிப்படையான அழைப்போ இல்லாமல் ஒருவருக்குத் தனியாகத் தருவதை உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேச நில ஒதுக்கீட்டு வழக்கில் மிகக் கடுமையாகவே சொன்னது. நல்லெண்ணம் உள்ள ஆணையர்கூடத் தணிக்கை ஆட்சேபத்துக்கு அஞ்சிக் கையெழுத்திட மாட்டார். ஏற்கெனவே உள்ள ஒப்பந்தத்தின் எஞ்சிய காலத்தைத் திருத்திய விதிகளோடு தொடர அனுமதிக்கும்படி கேளுங்கள். வாடகையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருப்பதால், ஒரு ரூபாயும் உயர்த்த முடியாது என்ற உங்கள் நிலை தவறானது. 12,000-த்திலிருந்து ஒரே பாய்ச்சலில் 40,000 ஆனதற்குக் கணக்கு எங்கே என்று கேட்பது சரியானது. உங்களால் தாங்க முடிந்த ஒரு தொகையை நீங்களே முன்வையுங்கள். அதோடு, காலை நேரமும் ஞாயிறு முழுவதும் ஊருக்கு என்றும், நகராட்சிப் பள்ளி மாணவ மாணவியருக்கு வாரம் சில மாலைகள் கட்டணமில்லாப் பயிற்சி என்றும், பராமரிப்பும் மின்கட்டணமும் உங்கள் பொறுப்பு என்றும் எழுதிக் கொடுங்கள். பதிலுக்கு, நகராட்சி இடையில் ரத்து செய்தால் எந்த முறையில் தேய்மானம் கழித்து எவ்வளவு தருவது என்பதை எழுத்தில் கேளுங்கள். 2021-இல் விட்டுப்போன முக்கியமான பத்தி அதுதான். நகராட்சி உண்மையிலேயே சந்தைக்கு இடம் தேடுகிறது என்றால், மைதானத்தின் சாலையோரப் பகுதியை மட்டும் வாரத்தில் ஒரு நாள் விடலாமா என்பதையும் பேசிப் பார்க்கலாம். கேலரியும் ஆடுகளமும் தப்பிவிடும். உடன்பாடு எட்டினால் இம்முறை உரிய முத்திரைத் தீர்வையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பிறகே அடுத்த செங்கல்லை வையுங்கள்.

பேச்சு நேரடியாக நடக்காவிட்டால், அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுக்கலாம். அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் எட்டப்படும் சமரசம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமானது, மேல்முறையீடு கிடையாது. அதுவும் தோல்வியுற்றால் மட்டுமே உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு. உங்கள் விளக்கத்தைக் கேட்காமலேயே ரத்து செய்தார்கள் என்ற ஒரு காரணத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் (அரசு அமைப்பின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) போடலாம். ஆனால் கேலரியின் மதிப்பு என்ன, யார் முதலில் மீறினார்கள் போன்ற சாட்சியம் தேவைப்படும் கேள்விகளை ரிட் மனுவில் தீர்க்க மாட்டார்கள். மறுபடி விசாரித்து முடிவெடுங்கள் என்று நகராட்சிக்கே திருப்பி அனுப்புவார்கள். அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும், கட்டுமானங்கள் இன்றிருக்கும் நிலையைப் பதிவு செய்ய வழக்கறிஞர் ஆணையரை (இடத்தை நேரில் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் வழக்கறிஞரை) நியமிக்கக் கேட்பது நல்லது.

ஆணையரின் கடிதத்தில் உள்ள முப்பது நாளில் பதினொரு நாள் கடந்துவிட்டது. இந்த வாரத்துக்குள் பதில் கடிதம் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒப்புகையோடு போக வேண்டும். நேரிலும் கொடுத்து முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். அதில் வாசல் திறக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி முதல் வரியாக இருக்கட்டும். அதன் பிறகு நேரில் விளக்கமளிக்க வாய்ப்பு, பருவம் முடியும்வரை அவகாசம், செலவுக் கணக்கு, சமரசத் திட்டம் ஆகியவற்றை வரிசையாகக் கேளுங்கள். வழக்கமான 12,000 ரூபாயை இம்மாதமும் வரைவோலையாகக் கட்டுங்கள்; வாங்க மறுத்தால் அதையும் விரைவுத் தபாலில் அனுப்பி, திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள். கேலரி ஒப்பந்ததாரரின் ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், மின் இணைப்பு ஆவணம், விழா அழைப்பிதழ்கள், பொறியாளரின் மதிப்பீடு ஆகியவற்றை ஒரே கோப்பாகத் தயார் செய்துகொண்டு, பதிலில் கையெழுத்திடுவதற்கு முன் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் மூல ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். நகலில் நான்காம் பக்கத்தின் பின்புறம் வரவில்லை, அதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று அவர் பார்த்தாக வேண்டும்.